குளத்தில் தண்ணீர், வயல் தரிசு: கேலக்ஸி கேள்வி பதில்

(அம்பாசமுத்திரத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த பங்குனி இரவில், சீட்டில் எழுதித் தந்த கேள்விகள்.)

களக்காடு, மாணவி: சார், நட்சத்திரங்களை மளமளவென்று பெற்றுத் தள்ளும் கேலக்ஸி ஏன் நிறுத்திக்கொள்கிறது?

சற்றுமுன் வடக்கே தாழ்வாக ஒரு மங்கிய கீற்றைப் பார்த்தீர்களே, எம்82 என்ற கேலக்ஸி, அதையே எடுத்துக்கொள்வோம். 1.2 கோடி ஒளியாண்டு தூரம். பக்கத்திலுள்ள எம்81 கேலக்ஸியின் ஈர்ப்பு உலுக்கியதில் வாயு நடுவில் குவிந்து, நட்சத்திரப் பிறப்பு எகிறியது. பிறந்ததில் பெரிய நட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுக்குள் வெடித்துவிடும். அந்த அனல்காற்று வாயுவை மேலும் கீழும் ஊதி வெளியே தள்ளுகிறது. பிள்ளைகளே பத்தாயத்தைக் காலி செய்கிற கதை. சில கேலக்ஸிகளில் மிச்ச வாயுவை மையக் கருந்துளையின் வீச்சு சூடாக்கிவிடும். சூடான வாயு சுருங்காது. சுருங்காமல் நட்சத்திரம் ஏது? ஒன்று: படங்களில் அந்தக் காற்று சிவப்பாக இருக்கும். படத்து நிறத்தை நம்பி தொலைநோக்கிக்கு வராதீர்கள். கண்ணுக்குச் சாம்பல்தான்.

பாளையங்கோட்டை: இதனால் மகர ராசிக்கு என்ன பலன்?

ஆள் மாறி வந்துவிட்டீர்கள்.

சேரன்மகாதேவி, விவசாயி: அப்போ வாயு தீர்ந்ததுதான் காரணம். குளம் வற்றினால் பிசான நெல் இல்லை, அவ்வளவுதானே?

அண்ணாச்சி, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நட்சத்திரப் பிறப்பு சமீபத்தில் ஓய்ந்துபோன 32 கேலக்ஸிகளைத் துழாவி 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். 17-ல் மூலக்கூறு வாயு, அதாவது நட்சத்திரம் பிறக்கத் தேவையான குளிர்ந்த வாயு, தாராளமாகக் கிடந்தது.

அதே அண்ணாச்சி: தண்ணி கிடந்தும் நடவு இல்லை என்றால் எவன் நம்புவான்?

மடை தூர்ந்த குளத்தை நீங்கள் பார்த்ததில்லையா? வாயு இருந்தால் போதாது, அடர்ந்து இறுக வேண்டும். 2018-ல் சிலி நாட்டிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கியால் இப்படி ஓய்ந்த இரண்டு கேலக்ஸிகளைப் பார்த்தபோது அடர்ந்த வாயு சிக்கவில்லை. கொந்தளிப்பு அதை இறுகவிடாமல் வைத்திருக்கலாம்.

மறுபடியும் அண்ணாச்சி: தூர் வாரினால்?

இன்னொரு கேலக்ஸி வந்து மோதினால் ஒருவேளை.

வள்ளியூர்: சமீபத்தில்தான் நின்றது என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. சீக்கிரம் சாகும் பெரிய நீல நட்சத்திரங்கள் அங்கே இருக்காது. அவற்றைவிடச் சிறிய, நூறு கோடி ஆண்டு வரை வாழும் ‘ஏ வகை’ நட்சத்திரங்கள் நிறைய இருக்கும். பந்தல் பிரித்தாச்சு, வாசலில் கட்டிய வாழை இன்னும் வாடவில்லை. கல்யாணம் எப்போது முடிந்திருக்கும்?

நான்கு சீட்டு, ஒரே கேள்வி: நம் கேலக்ஸியின் மையக் கருந்துளை நம்மை விழுங்குமா?

விழுங்காது. 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஐந்தாவது சீட்டு வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி: சார், போனில் பார்த்தேன், எம்82 சிவப்பாக இருக்கிறதே?

முதல் பதிலைப் படியுங்கள்.