லைக் அதிகம் வாங்குபவர்தான் அட்மின் ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் மாடித்தோட்டக் குழுவில் நானூறு பேர் இருக்கிறோம். பேச்சு, விதைப் பரிமாற்றம் எல்லாமே ஆன்லைனில்தான். குழுவை ஆரம்பித்தவர் வெளிநாடு போவதால், அடுத்த அட்மினை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று பேர் போட்டி. குழுவிலேயே வாக்கெடுப்பு வைத்தோம். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோய், மனஸ்தாபம் வந்து, பாதியில் நிறுத்திவிட்டோம். தினமும் படம் போட்டு லைக் வாங்குபவர் ஜெயித்துவிடுவார் போலிருக்கிறது. விதைப் பணமும் கூரியர் கணக்கும் அவர் கைக்குப் போவதில் பலருக்குத் தயக்கம். எப்படி நடத்தலாம்? – ஒரு வாசகி

பதில்: நிறுத்தியது நல்லதுதான். மறுபடி தொடங்கும் முன், அட்மினுக்கு என்னென்ன அதிகாரம் என்று ஒரு பக்கம் எழுதிக் குழுவில் போடுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் சிக்கலில் பாதி இதில்தான் இருக்கிறது. ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, பணத்தை வைத்திருப்பது, விதை பிரித்து அனுப்புவது, எந்தப் பதிவு இருக்கலாம் என்று முடிவு செய்வது எல்லாம் ஒரே நாற்காலியில் குவிந்திருந்தால் அந்த நாற்காலிக்குச் சண்டை வரத்தான் செய்யும். பணத்தைத் தனியாகப் பிரித்து விடுங்கள். கணக்கு எழுத ஒருவர், மாதாமாதம் அதைச் சரிபார்க்க இன்னொருவர். இரண்டு பேரும் அட்மினாக இருக்கக் கூடாது. இதைச் செய்தாலே உங்கள் ஆட்களின் தயக்கம் பெருமளவு குறையும்.

விக்கிப்பீடியாவில் நிருவாகிக்குக் கூடுதலாக இருக்கும் முக்கியமான வசதிகள் பக்கத்தை நீக்குவது, பூட்டி வைப்பது, தொல்லை கொடுப்பவரைத் தடை செய்வது. நிருவாகியாக இருப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2003-லேயே எழுதினார். ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் நாளடைவில் அது பெரிய விஷயமாகிவிட்டது. வேட்பாளரைப் பொதுவில் நிறுத்தி ஒரு வாரம் கேள்வி கேட்பார்கள். யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்பது பெயரோடு அங்கேயே பதிவாகும். அதற்கு அஞ்சியே நல்ல பங்களிப்பாளர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் அங்கே ரகசிய வாக்கெடுப்பு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் ஜெயிக்க ஆதரவு வாக்கு 70 சதவீதம் வேண்டும். உங்கள் குழுவில் வந்த மனஸ்தாபம் இத்தனை பெரிய இடத்திலும் வந்ததுதான். உங்கள் ஆட்கள் மோசமானவர்கள் என்று எண்ண வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி டெபியன். கணினியை இயக்கும் லினக்ஸ் வகை மென்பொருள்களில் ஒன்று, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குவது. அவர்கள் திட்டத் தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். பயன்படுத்துபவர்கள் எவ்வளவோ பேர் இருந்தாலும் வாக்கு அதை உருவாக்கும் டெவலப்பர்களுக்கு மட்டும்தான், சுமார் ஆயிரம் பேர். தலைவரின் அதிகாரத்தை அமைப்பு விதியே கட்டிப்போடுகிறது. ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைத்து அவர் முடிவும் எடுத்துவிட்டால், பிடிக்கவில்லை என்று தலைவர் அதை ரத்து செய்ய முடியாது. வாக்குச் சீட்டில் ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்றும் ஒரு வரி உண்டு. அது ஜெயித்தால் தேர்தலை முதலிலிருந்து நடத்த வேண்டும். 2019-இல் மனு போடும் காலம் முடிந்தும் ஒருவர்கூட நிற்கவில்லை. காலத்தை நீட்டித்து, பிறகுதான் தேர்தல் நடந்தது. ஆளே வராத நிலைக்கும் விதி எழுதி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை ஒரு வருடப் பதவிக்காலம், ‘யாரும் வேண்டாம்’ என்ற வரி, யாருக்கு வாக்கு என்ற தெளிவு. கடைசியதில் கறாராக இருங்கள். தேர்தல் அறிவித்த பிறகு சொந்தக்காரர்களைக் குழுவில் சேர்ப்பது எங்கும் நடக்கிறது. அறிவிப்புக்கு மூன்று மாதம் முன்பே குழுவில் இருந்தவர்களுக்குத்தான் வாக்கு என்று வைத்து, பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டுவிடுங்கள். பெயர் விட்டுப்போனவர் சொல்ல மூன்று நாள் கொடுத்தால் போதும்.

அடுத்தது வாக்கு எண்ணும் முறை. மூன்று பேர் நிற்கும்போது ‘ஒருவரை மட்டும் தேர்ந்தெடு’ என்று கேட்காதீர்கள்; மூவரையும் பிடித்த வரிசையில் எழுதச் சொல்லுங்கள். அ, ஆ, இ என்று மூவர் நிற்க, 30 பேர் வாக்களிப்பதாக வையுங்கள். 12 பேர் அ, இ, ஆ என்று வரிசைப்படுத்துகிறார்கள். 10 பேர் ஆ, இ, அ என்கிறார்கள். மீதி 8 பேருக்கு இ, ஆ, அ. வழக்கமான முறையில் 12 வாக்கோடு அ ஜெயித்துவிடுவார். ஆனால் மற்ற 18 பேருக்கும் அவர்தான் கடைசி! இருவர் இருவராக நிறுத்திப் பாருங்கள். இ-யும் அ-வும் மோதினால் 18-க்கு 12, இ-யும் ஆ-வும் மோதினால் 20-க்கு 10. யாரோடு மோதினாலும் இ-தான் ஜெயிக்கிறார். முதல் இடத்தில் அவரைப் போட்டவர்கள்தான் குறைவு; ஆனால் கடைசியில் தள்ளியவர் ஒருவர்கூட இல்லை. ஒரே குழுவாகத் தொடர வேண்டியவர்களுக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்பது என் கருத்து. இந்த யோசனையை 1785-இல் எழுதி வைத்தவர் கொண்டோர்சே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர். டெபியனும் இந்த வழியில்தான் எண்ணுகிறது.

இதைக் கையால் எண்ண வேண்டியதில்லை. ‘கொண்டோர்சே இன்டர்நெட் வோட்டிங் சர்வீஸ்’ என்று ஓர் இலவசத் தளம் இருக்கிறது. மின்னஞ்சல் பட்டியலைக் கொடுத்தால், அந்தத் தளத்தில் தங்கள் மின்னஞ்சலுக்குச் சம்மதம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு அனுப்பும், எண்ணியும் கொடுக்கும். யார் எப்படிப் போட்டார்கள் என்பது வெளியே வராது. மின்னஞ்சல் பழக்கமில்லாத மூத்தவர்கள் இருந்தால், வீட்டில் யாராவது உதவட்டும், ஆனால் வரிசையை அவர்களே சொல்லட்டும்.

சரி, லைக் விஷயத்துக்கு வருவோம். பூத்துக் குலுங்கும் படத்துக்கு விழும் லைக் வேறு, கணக்கை ஒழுங்காக வைப்பார் என்ற நம்பிக்கை வேறு. கணினி நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் நல்ல பதிலுக்குப் புள்ளி சேரும். 2,000 புள்ளி வந்தால் மற்றவர் பதிவை யார் ஒப்புதலும் இல்லாமல் திருத்தலாம், 3,000 வந்தால் கேள்வியை மூட வாக்களிக்கலாம். எத்தனை புள்ளி சேர்ந்தாலும் தளத்தை மேற்பார்வையிடும் மாடரேட்டர் பதவி தானாக வராது, அதற்குத் தனித் தேர்தல். அந்தப் பிரிவினை உங்களுக்கும் பொருந்தும். படம் போடுபவர் மீது கோபப்படாதீர்கள். அவரைப் பார்த்துத்தான் புதியவர்கள் முதல் க்ரோ பேக் வாங்குகிறார்கள். புதியவர்களை வரவேற்று வழிகாட்டும் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம்.

அப்புறம், மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று ராத்திரி பத்து மணிக்குக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லும் ஒருவர் உங்கள் குழுவிலும் கட்டாயம் இருப்பார். அவர் பெரும்பாலும் தேர்தலில் நிற்க மாட்டார். பூச்சி, நோய்க்கு அவர்தான் ஆலோசகர் என்று குழுவின் முகப்புக் குறிப்பில் போடுங்கள். இதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை. போடும் முன் அவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.