லினக்ஸில் கட்டண இசை மென்பொருள்கள்: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. விண்டோஸை விட்டு உபுண்டுவுக்கு மாற நினைக்கிறேன். ஏபிள்டன் லைவில் நான்கைந்து பாடல்கள் பாதியில் நிற்கின்றன. அவற்றை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: வணக்கம். ஏபிள்டன் லைவுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் என்ற கருவி வழியாக அதை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாதி முடிந்த வேலையை அதை நம்பி மாற்ற வேண்டாம். பழைய கணினியிலேயே பாடல்களை முடியுங்கள். பிறகு ஒவ்வொரு டிராக்கையும் பாடலின் முதல் நொடியிலிருந்தே தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, டெம்போவையும் குறித்து வையுங்கள். எந்த மென்பொருளில் போட்டாலும் வரிசையாகப் பொருந்தும்.

புதிய பாடல்களுக்கு பிட்விக் ஸ்டூடியோவைப் பாருங்கள். ஏபிள்டனில் பணிபுரிந்தவர்கள் தொடங்கிய நிறுவனம் என்பதால் சிறு இசைத் துண்டுகளை அடுக்கிப் பாடல் கட்டும் கிளிப் முறை உங்களுக்குப் புதிதாக இருக்காது. 2014இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே லினக்ஸில் நேரடியாக ஓடுகிறது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் பிளகின்கள் (இசை மென்பொருளுக்குள் சேர்க்கும் வாத்தியங்கள், ஒலி விளைவுகள்) நிறைய இருக்கின்றன. எல்லாம் வீண்தானா?

பதில்: பெரும்பாலும் வீண் போகாது. பிளகினை வைனுக்குள் நிறுவுங்கள். யாபிரிட்ஜ் என்ற இலவசக் கருவிக்கு அந்த விஎஸ்டி (பிளகின் கோப்பு வகை) கோப்புறையைக் காட்டி, ஒத்திசைக்கும் கட்டளையைக் கொடுங்கள். அதன்பின் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளோ பிட்விக்கோ அதை லினக்ஸ் பிளகினாகவே பார்க்கும்.

ஒலியில் தொல்லை குறைவு. உரிமச் சரிபார்ப்பில்தான் முட்டிக்கொள்ளும். பல நிறுவனங்கள் உரிமத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் ஐலாக் பூட்டுக்கு லினக்ஸ் ஆதரவு இல்லை. தனிப் பதிவிறக்கச் செயலி மூலம் மட்டுமே நிறுவக்கூடிய பிளகின்களிலும் அந்தச் செயலியே வைனில் திறக்காமல் போகலாம். ஆகவே இனி எதை வாங்கினாலும், ஒலியைக் கேட்பதற்கு முன் உரிமத்தை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். வரிசை எண்ணோ உரிமக் கோப்போ கொடுத்தால் போதும் என்றால் தயங்காமல் சோதித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று: எல்லாம் சரியாக ஓடும்போது வைனைப் புதுப்பிக்காதீர்கள். வைன் 9.22 வந்தபோது பல பிளகின்களின் ஜன்னலில் ஒரு குமிழைச் சொடுக்கினால் அது வேறிடத்தில் பதிந்தது, பலர் 9.21க்கே திரும்பினார்கள். ஒரு பதிவு நடந்துகொண்டிருக்கும் வாரத்தில் இது வந்தால் எவ்வளவு எரிச்சல் என்று யோசியுங்கள்.

கேள்வி: வாசிக்கும்போது ஒலி பொரிகிறது. பஃபர் 64இல் வைத்திருக்கிறேன்.

பதில்: பஃபர் என்பது கணினி ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவு. 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் எடுக்கும்போது, 64 மாதிரி என்றால் 1.33 மில்லிநொடி. அதற்குள் எல்லாப் பிளகின்களும் கணக்கை முடித்தாக வேண்டும். 256 வையுங்கள், 5.33 மில்லிநொடி கிடைக்கும், கைக்குப் பெரிய தாமதம் தெரியாது. மிக்ஸிங்கின்போது 1024 வைத்தாலும் தவறில்லை. பிறகும் பொரிந்தால், உங்கள் பயனர் கணக்குக்கு நிகழ்நேர முன்னுரிமை (ஒலி வேலையை மற்ற வேலைகளுக்கு முன் முடிக்கும் அனுமதி) இருக்கிறதா, சிபியுவின் மின்சேமிப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தனி நிகழ்நேரக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பலருக்குத் தேவைப்படாது.

கேள்வி: மைக்கையும் வாத்தியத்தையும் கணினியுடன் இணைக்க எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?

பதில்: தனி டிரைவர் கேட்காத, யூஎஸ்பி பொதுத்தர வகை எதுவும் சரி. ஐபேடில் டிரைவர் இல்லாமல் ஓடுகிறது என்று பெட்டியில் போட்டிருந்தால் நல்ல அறிகுறி.

கேள்வி: கட்டற்ற இயங்குதளத்தில் மூடிய மென்பொருளை ஓட்டுவது கொள்கைக்கு விரோதம் இல்லையா?

பதில்: ஆர்டர் (Ardour) என்ற கட்டற்ற இசைப்பதிவு மென்பொருள் உங்கள் தேவைக்குப் போதுமென்றால் அதையே பயன்படுத்துங்கள், நானும் மகிழ்வேன். போதவில்லை என்பதற்காக இசையமைப்பதை நிறுத்தச் சொல்லும் கொள்கை எனக்கு உடன்பாடில்லை. மூலநிரல் மூடியிருக்கலாம், உங்கள் பாடல் அதற்குள் பூட்டப்படக் கூடாது. ரீப்பர் மூடிய மென்பொருள்தான். ஆனால் அதன் திட்டக் கோப்பை எந்த உரைத் தொகுப்பானில் திறந்தாலும் டிராக் பெயர்களும் டெம்போவும் எழுத்தாகத் தெரியும். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

கேள்வி: எனக்கு ஒரு நல்ல பியானோ மட்டும் போதும்.

பதில்: பியானோடெக். வைன் வேண்டாம், லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. பதிவுசெய்த ஒலிகளை அடுக்காமல் கம்பியின் அதிர்வைக் கணக்கிட்டே ஒலிப்பதால் வட்டில் மிகக் குறைந்த இடம்தான் பிடிக்கும். சோதனைப் பதிப்பில் சில கட்டைகள் ஒலிக்காது. அது உங்கள் கணினியின் கோளாறு அல்ல.