மூன்று ஊசியை ஒன்றாக்க முடியாதா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். குழந்தைக்கு 6, 10, 14 வாரத்தில் ஒரே ஊசியை மூன்று முறை போட வேண்டுமாம். லீவு கிடைக்காமல் இரண்டாவது ஊசி தள்ளிப்போய்விட்டது. உடம்புக்குள் கரைந்து, மருந்தைத் தவணை தவணையாக விடும் பிளாஸ்டிக் துகள் இருக்கிறதாமே, அதில் போட்டால் ஒரே நாளில் முடியாதா?

பதில்: துகள் உண்மைதான் அம்மா. குழந்தைகளுக்கான தடுப்பூசியாகத்தான் இன்னும் வரவில்லை. அறுவை சிகிச்சையில் போடும், பிரிக்கத் தேவையில்லாத தையல் நூல் தெரியுமல்லவா? அதே குடும்பத்துப் பொருள்தான். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கோத்த சங்கிலி, பாலிமர் என்பார்கள். உடம்பின் ஈரம் அதை மெல்ல அறுக்கும். லாக்டிக் பங்கைக் கூட்டினால் கரைய அதிக நாளாகும். ஆகவே வெவ்வேறு விகிதத்தில் துகள் செய்து கலந்தால், ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் மருந்தை விடும். புராஸ்டேட் புற்றுநோய் மருந்தொன்று 1989லேயே அமெரிக்காவில் இந்தத் துகள் வடிவில் அனுமதி பெற்றது.

தடுப்பூசியில்தான் சிக்கல். ரண ஜன்னித் தடுப்பு மருந்தை இந்தத் துகளில் அடைக்கப் பல வருடம் பாடுபட்டவன் நான். அந்த மருந்து ஒரு புரதம். பாலிமரை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்து, புரத நீரைச் சேர்த்து, மோர் கடைவதுபோல் வேகமாகக் கடைய வேண்டும். அந்தக் கடைசலிலேயே ஒரு பகுதி புரதம் உருக்குலையும். பிறகு உடம்பின் 37 டிகிரி சூட்டில், ஈரத்தில், வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். துகள் கரையக் கரைய உள்ளே புளிப்பும் ஏறும். முதல் வாரம் மருந்து நன்றாக வெளிவரும், எங்களுக்கும் நம்பிக்கை பிறக்கும். அப்புறம் மருந்து வருவது நின்று, வரைபடக் கோடு படுத்துவிடும். மாதம் கழித்துத் துகளைப் பிளந்தால் மீதி மருந்து கட்டிதட்டி உள்ளேயே இருக்கும். வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கிறோமே, அந்த மெக்னீசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தோம். புளிப்பு குறைந்தது. கடைசலில் கெட்ட புரதத்தை அது மீட்கவில்லை.

2017ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். இதே பாலிமரில் மணல் பருக்கை அளவுக் கிண்ணம் செய்து, மருந்தை நிரப்பி, மூடியை ஒட்டினார்கள். குறித்த நாளில் மூடி உடைந்து மருந்து மொத்தமாக வெளிவரும். எலிகளில் சோதித்தார்கள். கடைசலே இல்லாததால் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

உங்கள் குழந்தைக்கு அதுவரை காத்திருக்க முடியாது. தள்ளிப்போனதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டையோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போங்கள். இரண்டாவதைப் போட்டு, குறைந்தது 4 வாரம் கழித்து மூன்றாவதைப் போடுவார்கள்.