மே மாதத்தில் பாயின்ட் பீலியில் பறவைகள் ஏன் இவ்வளவு தாழ்வாக அமர்கின்றன?

கனடாவின் ஈரி ஏரிக்கரையிலுள்ள பாயின்ட் பீலி தேசியப் பூங்காவில் வசந்த வலசையைக் காண எந்த நாள் ஏற்றது என்றும், அங்கே பறவைகள் கண்மட்டத்திலேயே அமர்வது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுமார் 10 கிராம் எடையே உள்ள வார்ப்ளர்கள் எனும் பூச்சியுண்ணும் சிறு பறவைகள், மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே திரும்பும்போது பெரும்பாலும் இரவில் பறக்கின்றன. அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து களைத்து வருபவற்றுக்கு, ஏரிக்குள் கூராக நீண்டிருக்கும் இம்முனையே முதலில் எதிர்ப்படும் நிலம். இரவெல்லாம் தென்காற்று வீசி, விடியலுக்குமுன் மழையோ வடகாற்றோ குறுக்கிட்டால், அவை திரளாக இறங்கிவிடுகின்றன. குளிர்ந்த காலைகளில் பூச்சிகள் தரையோரத்திலேயே கிடைப்பதால், வழக்கமாக மரஉச்சியில் மேயும் பிளாக்பர்னியன் வார்ப்ளரின் தீக்கங்கு நிறத் தொண்டையைக்கூடப் புதர்மட்டத்தில் காணலாம். அதற்கு ஈடான காட்சி வேறில்லை என்பேன். ஆகவே மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களுக்குள், நாட்காட்டியைவிட வானிலை முன்னறிவிப்பை நம்பி நாளைத் தேர்ந்தெடுங்கள். விடியலிலேயே முனைக்குச் சென்றுவிடுங்கள். பைனாகுலர் போதும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அவற்றை அழைக்க வேண்டாம். கரைந்துபோன கொழுப்பை மீட்க அவற்றுக்கு ஒவ்வொரு நிமிடமும் இரை தேவை.