இன்றைய பதின்ம வயதினர் எதற்குப் பயப்படுகிறார்கள்? நம் காலத்துப் பயம் வேறா?

தமிழ்நாட்டை வைத்துச் சொல்கிறேன். முன்பு பெரிய பயம் ‘ஃபெயில்’. தேர்ச்சி பெற்றவர்களின் பதிவெண்கள் மட்டும் மாலைப் பத்திரிகையில் வரும். நம் எண் இல்லையென்றால் தெருவுக்கே தெரியும். அப்புறம் அப்பாவின் அடி, டுடோரியல்.

இன்று பிளஸ் டூவில் 90 சதவீதத்துக்கு மேல் தேறிவிடுகிறார்கள். 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே ஆண்டில் மருத்துவப் படிப்புக்கு நீட் வந்தது. பன்னிரண்டு வருடப் படிப்பு ஒரு மதியத் தேர்வில் முடிவாகிறது. பாஸானாலும் ‘போதாது’ என்பதுதான் இப்போதைய பயம். இது தோல்விப் பயத்தைவிட மோசம் என்பேன், ஏனென்றால் இதற்கு எல்லையே இல்லை.

இன்னொன்று போன். அன்று பள்ளியில் நடந்த அவமானம் வீட்டு வாசலோடு நின்றுவிடும். இன்று ஒரு ஸ்கிரீன்ஷாட் இரவு பதினொரு மணிக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். தன் படத்தை யாராவது மார்பிங் செய்துவிடுவார்களோ என்ற பயம் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல். அதை வீட்டில் சொல்லவும் தயங்குகிறார்கள். சொன்னால் முதலில் பறிபோவது போன்தானே!

பேய்ப் பயம்? அது இப்போது பொழுதுபோக்கு. காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்.