சக்கரம் ஓடாத நேரத்துக்கும் கூலி உண்டா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்பவர், 9 ஆண்டுகள் நடத்துநராகவும் 22 ஆண்டுகள் பணிமனையில் டூட்டி சார்ட் போடுபவராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.

ஐயா, பேருந்து ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் எட்டு மணி நேர வேலைதான். மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவரைவிட இவர்களுக்கு என்ன குறை? ஏன் இன்னும் போதவில்லை என்கிறார்கள்?
– தினமும் பேருந்தில் போகும் வாசகர்

மூட்டை தூக்குகிறவருக்கும் கூலி போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக இவருக்குக் கிடைப்பது நியாயம் என்று ஆகிவிடாது.

எட்டு மணி நேரம் என்கிறீர்கள். அந்தக் கணக்கை எழுதியவர்களில் நானும் ஒருவன், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் போகிற கூட்டம். மாலையில் அதே கூட்டம் திரும்பும். நடுவில் வண்டிகள் பாதி காலியாக ஓடும். ஒரே ஆளைக் காலைக்கும் மாலைக்கும் போட்டு, நடுவில் விட்டுவிட்டால் நிர்வாகத்துக்கு மிச்சம். இதை ஸ்ப்ளிட் டூட்டி என்போம். நான் போட்ட ஒரு டூட்டி இன்னும் மனதில் நிற்கிறது. காலை 5.10-க்குக் கையெழுத்து, 9.10-க்கு முடியும். மறுபடி மாலை 4.10-க்குக் கையெழுத்து, இரவு 8.10-க்கு முடியும். கூட்டிப் பாருங்கள், சரியாக எட்டு மணி நேரம். பென்சிலால் கோடு இழுத்தபோது சார்ட்டில் அத்தனை கச்சிதமாக உட்கார்ந்தது. ஓர் ஆள் மிச்சம் என்று மேலதிகாரி பாராட்டினார்.

ஒரு வாரம் கழித்து, மதியம் ஒரு மணிக்குப் பணிமனைக்குள் நடந்துபோனேன். வெயிலில் நிறுத்தியிருந்த வண்டி ஒன்றின் கடைசி நீள சீட்டில் அந்த டூட்டிக்காரர் படுத்திருந்தார். யூனிஃபார்ம் சட்டை கசங்கக் கூடாது என்று கம்பியில் மாட்டியிருந்தார். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, பனியனோடு வியர்த்துக் கிடந்தார். "வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன். "போக ஒண்ணேகால் மணி நேரம், வர ஒண்ணேகால் மணி நேரம் சார். போய்க் கண்ணை மூடினதும் கிளம்பணும்" என்றார். காலையில் அவர் புறப்படும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். இரவு வந்து சேரும்போதும் தூங்கியிருக்கும். நடுவில் இருக்கும் அந்த ஏழு மணி நேரத்தில் பிள்ளை பள்ளியில்.

அந்த ஏழு மணி நேரம் அவருக்கும் சொந்தமில்லை. அதற்குக் கூலியும் இல்லை. எட்டு மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுத்து, அவருடைய பதினைந்து மணி நேரத்தை எடுத்துக்கொண்டோம். சம்பளத் தொகையைப் பதினைந்தால் வகுத்துப் பாருங்கள், மணிக்கூலி ஏறக்குறைய பாதியாகிவிடும். சம்பளம் நியாயமா என்று கேட்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்துவிட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் என் வாதம். இடைவெளிக்கும் ஒரு பங்கு கூலி தரும் நிர்வாகங்கள் உண்டு. ஆக, இது முடியாத காரியம் இல்லை.

நடத்துநருக்கு இன்னொரு கணக்கும் சேரும். வண்டியை விட்டு இறங்கியதும் டூட்டி முடியாது. காசை எண்ணி, நோட்டை அடுக்கி, கவுன்டரில் வரிசையில் நிற்க வேண்டும். நான் முக்கால் மணி நேரம் நின்ற இரவுகள் உண்டு. சார்ட்டில் அதற்குப் பதினைந்து நிமிடம்தான் போட்டிருக்கும். காசு குறைந்தால் நம் பையிலிருந்து போகும்.

அப்பா 28 வருடம் பேருந்து ஓட்டினார். இப்போது இடுப்பு வலி, இதய நோய். மருந்துச் செலவைப் பார்க்கும்போது, வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கிறோமோ என்று தோன்றுகிறது. இது வேலையால் வந்ததுதானா?
– ஓர் ஓட்டுநரின் மகள்

உங்கள் அப்பாவை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல முடியும், அம்மா. ஆனால் இந்தக் கேள்வியை உலகத்தில் முதலில் கேட்டவர் நீங்கள் இல்லை.

லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார். 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளிவந்தது. மாடிப் பேருந்தில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே பாதையில், ஒரே புகையைச் சுவாசித்து வேலை செய்கிறார்கள். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் படி ஏறி இறங்குகிறார். உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. அதிலும் வந்த வேகத்தில் உயிரை எடுக்கும் மாரடைப்பு அவர்களிடம் கூடுதலாக இருந்தது. உடற்பயிற்சி நல்லது என்று இன்று மருத்துவர்கள் எல்லோரும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக நிற்கும் பழைய ஆய்வுகளில் இது முக்கியமானது. மாரிஸ் அதோடு விடவில்லை. யூனிஃபார்ம் கால்சட்டைகளின் இடுப்பளவுகளையும் வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களுக்கு இளவயதிலேயே இடுப்பு பெரிதாக இருந்தது. அப்படியானால் முழுப் பழியையும் அந்த இருக்கை மேல் போட முடியாது, ஆளின் உடல்வாகிலும் கொஞ்சம் இருக்கலாம் என்று அவரே கணக்கில் எடுத்துக்கொண்டார். நேர்மையான மனிதர்.

இடுப்பு வலிக்கு வருகிறேன். என்ஜின் அதிர்வு முதுகெலும்பு வழியாக நாள் முழுக்க ஏறும். சீட்டின் ஸ்பிரிங் போனால் மாற்றித் தர வாரக்கணக்கில் ஆகும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில் திருப்பங்களில் உடம்பையே சாய்த்து வளைத்த ஓட்டுநர்களை எனக்குத் தெரியும். உங்கள் அப்பாவும் அந்தக் காலத்து ஆளாக இருக்கலாம். சம்பளப் பட்டியலில் இதற்கென்று ஒரு வரி கிடையாது. ஓய்வுக்குப் பிறகும் தொடரும் மருத்துவ வசதி, சம்பளத்தின் ஒரு பகுதி. அதைச் சலுகை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சம்பளத்தை உயர்த்தினால் டிக்கெட் விலை ஏறும். ஏழைப் பயணிதானே பாதிக்கப்படுவார்?

ஏறியே ஆக வேண்டும் என்பது இல்லை. பெரும்பாலான நகரங்களில் டிக்கெட் காசு மட்டும் வண்டியை ஓட்டப் போதாது, மீதி பொதுப் பணத்திலிருந்து வருகிறது. லக்சம்பர்க் நாட்டில் 2020-ம் ஆண்டு பிப்ரவரி கடைசியிலிருந்து பேருந்து, டிராம், ரயில் எல்லாமே இலவசம், முதல் வகுப்பு ரயிலுக்கு மட்டும் கட்டணம். அங்கே ஓட்டுநருக்குச் சம்பளம் இல்லாமல் போய்விட்டதா?

வில்லியம் பாமோல் என்ற பொருளாதார அறிஞர் 1960-களில் ஒன்றைச் சொன்னார். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி பத்து மடங்கு பொருள் செய்வார், அவர் சம்பளமும் ஏறும். சில வேலைகளில் அது நடக்காது. பேருந்து அப்படிப்பட்டது. முப்பது வருடத்துக்கு முன்பும் ஓர் ஓட்டுநர் ஒரு வண்டியைத்தான் ஓட்டினார், இன்றும் ஒன்றைத்தான் ஓட்டுகிறார். "உற்பத்தித் திறன் கூடவில்லை, அதனால் சம்பளமும் கூடாது" என்று அவரிடம் சொன்னால், அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். பல நாடுகளில் இன்று ஓட்டுநர் கிடைக்காமல் தடங்களைக் குறைக்கிறார்கள். வண்டியே வராத நிறுத்தத்தில் நிற்கப்போவதும் அதே ஏழைப் பயணிதான்.

கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். நான் டூட்டி அன்று தண்ணீரே குடிப்பதில்லை. இதைச் சம்பளப் பேச்சில் சேர்த்தால் சிரிக்கிறார்கள், அண்ணா.
– பெயர் வேண்டாம், நடத்துநர்

சிரிக்கட்டும், நீங்கள் சேருங்கள் தங்கச்சி. சார்ட்டில் கடைசி நிறுத்தத்துக்கு ஆறு நிமிடம் என்று எழுதுவோம். காகிதத்தில் அது ஓய்வு. சாலையில் நெரிசலில் வண்டி பத்து நிமிடம் தாமதமானால் அந்த ஆறும் கரைந்துவிடும். வந்த கையோடு வண்டியைத் திருப்பிக் கிளம்ப வேண்டும். சாலையில் இழந்த நேரத்தை உங்கள் மூத்திரப்பையிலிருந்து எடுக்கிறார்கள். கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் நடப்பது அதுதான்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 153-ம் உடன்படிக்கை 1979-ல் வந்தது. இடைவேளை இல்லாமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வண்டி ஓட்டக் கூடாது, ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் விதி உண்டு, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. ஆனால் 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட தடத்தில் ஓடும் வழக்கமான பேருந்துக்கு அந்த விதி பொருந்தாது! நகரப் பேருந்து பெரும்பாலும் அதற்குள்தான் வரும். தூரம் குறைவுதானே என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் பிரேக், கிளட்ச், கதவு, வாக்குவாதம் என்று ஓட்டுகிறவரைக் கேட்டால் தெரியும், எந்தத் தூரம் குறைவு என்று.

மனு எழுதும்போது "கழிப்பறை வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தடம், எந்த நிறுத்தம், எத்தனை மணி நேரம் வழியே இல்லை என்று உங்கள் டூட்டி எண்ணோடு ஒரு மாதத்துக்குக் குறித்து வைத்து எழுதுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், அந்தத் தாளைத் தள்ளி வைப்பது கஷ்டம்.

வேலைநிறுத்தம் செய்து மக்களைத் தவிக்கவிடுவது சரியா?

மருத்துவமனைக்குப் போகிறவர் நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். 2018-ல் ஜப்பானின் ஒகயாமா நகரில் ஓட்டுநர்கள் வேறு வழி கண்டார்கள். வண்டியை வழக்கம்போல ஓட்டினார்கள், பயணிகளிடம் கட்டணம் மட்டும் வாங்கவில்லை. எல்லா நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் கொடுக்காது. நியூயார்க்கில் 1966 ஜனவரியில் 12 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பிறகு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடுக்க அந்த மாநிலத்தில் சட்டம் போட்டார்கள். 2005 டிசம்பரில் மறுபடியும் வண்டிகள் நின்றன. தடை மட்டும் போட்டுவிட்டுக் குறையை அப்படியே வைத்தால் இப்படித்தான் ஆகும்.

அரசு ஓட்டுநருக்கு ஒரு சம்பளம், அதே தடத்தில் ஒப்பந்த ஓட்டுநருக்கு அதைவிடக் குறைவு. இது ஏன்?

டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்குத் தடம் போகிறது. டீசல், டயர், உதிரிபாகம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. கைவைக்க எளிதாக மிஞ்சுவது சம்பளம் ஒன்றுதான். டெண்டர் தாளிலேயே குறைந்தபட்சச் சம்பளத்தை எழுதிவிட்டால் இந்தப் போட்டி டிப்போ வாசலோடு நின்றுவிடும்.

எனக்கு 24 வயது. கனரக வாகன உரிமம் எடுத்திருக்கிறேன். இந்த வேலைக்கு வரலாமா ஐயா?

வாருங்கள் தம்பி. விடியற்காலை முதல் டிரிப்பில், காலிச் சாலையில் வண்டியை எடுக்கும் சுகம் வேறு எந்த வேலையிலும் கிடைக்காது என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். டூட்டி சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஸ்ப்ளிட் டூட்டி வாரத்துக்கு எத்தனை வரும், சீனியாரிட்டிப்படி டூட்டி தேர்ந்தெடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று கேளுங்கள். இரவு முடித்ததற்கும் மறுநாள் காலைக் கையெழுத்துக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று கட்டாயம் பாருங்கள். ஜப்பானில் 2024 ஏப்ரல் வரை அது குறைந்தது எட்டு மணி நேரமாக இருந்தது, இப்போது ஒன்பது. அந்த ஒன்பதில் வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரமும், குளியலும், சாப்பாடும் அடக்கம். உங்கள் வீட்டிலிருந்து பணிமனைக்கு எவ்வளவு நேரம் என்று எழுதவில்லையே? அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ஆறு மணி நேரத் தூக்கம் தேறவில்லை என்றால் பணிமனைக்குப் பக்கத்தில் அறை பார்த்துவிட்டு வாருங்கள்.