சிங்கப்பூரில் 400 வெள்ளிக்கு ஒரு கட்டில்: எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29, சொந்த ஊர் தஞ்சாவூர். எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் சிங்கப்பூர் வேலை கிடைத்திருக்கிறது. மாதச் சம்பளம் 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில். தங்குமிடம் கம்பெனி தராது. வீட்டுக்கடனும் குடும்பச் செலவும் சேர்த்து ஊருக்கு மாதம் 1,500 வெள்ளி அனுப்பியாக வேண்டும். நண்பரின் நண்பர் ஒருவர் ஜூரோங் வெஸ்ட்டில் தான் வாடகைக்கு எடுத்திருக்கும் மூன்றறை வீட்டில் 400 வெள்ளிக்குக் கட்டில் தருகிறேன் என்கிறார். அவர் அனுப்பிய வீடியோவில் ஹாலிலும் அடுக்குக் கட்டில் தெரிகிறது. மொத்தம் ஒன்பது பேராம். 1,200 வெள்ளி முன்பணத்தை இப்போதே அவருடைய இந்திய வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார். தெம்பனிஸில் தனி அறை 1,100 வெள்ளி கேட்கிறார்கள். கையிருப்பு 2,800 வெள்ளி அளவுக்குத் தேறும். எதை எடுக்கலாம்?

பதில்: முதல் வேலையாக, அந்த 1,200 வெள்ளியை அனுப்பாதீர்கள். நண்பரின் நண்பர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் தருவது தர முடியாத ஒன்று. எச்டிபி (அரசு வீட்டு வாரியம்) வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது. ஹாலைப் படுக்கையறையாக்கி ஆள் சேர்ப்பதும் கூடாது. உறவினர் அல்லாதவர்கள் மூன்றறை வீட்டில் அதிகபட்சம் ஆறு பேர்தான் தங்கலாம். எட்டுப் பேர் வரை என்று 2024 ஜனவரியில் தளர்த்தியது நான்கறைக்கும் அதைவிடப் பெரிய வீடுகளுக்கும் மட்டும்தான். சோதனை வந்தால் நடவடிக்கை வீட்டுக்காரர் மேல் பாயும். மூட்டை முடிச்சோடு அன்றிரவு வெளியே நிற்கப்போவது நீங்கள். உங்கள் பெயரில் ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணத்தை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இதில் தூரமும் சேர்கிறது. ஜூரோங் வெஸ்ட்டின் பூன் லே நிலையத்திலிருந்து உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து எக்ஸ்போ நிலையம் போக எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். தெம்பனிஸிலிருந்து டவுன்டவுன் லைனில் மூன்றாவது நிறுத்தம்.

அதற்காகத் தனி அறைக்கு 1,100 கொடுக்கவும் நான் சொல்ல மாட்டேன். அலுவலகத்துக்குப் பக்கமாக தெம்பனிஸ், சீமெய், பாசிர் ரிஸ், பிடோக் வட்டாரங்களில் ஒரு காமன் ரூமை (தனிக் குளியலறை இல்லாத அறை) இன்னொருவரோடு பகிருங்கள். ஆளுக்கு 600 வெள்ளிக்குள் பாருங்கள், தண்ணீர், மின்சாரத்துக்கான பியூபி பில்லும் இணையமும் உட்பட. வெளிநாட்டவரான உங்களுக்கு சிபிஎஃப் (கட்டாயச் சேமநிதி) பிடித்தம் கிடையாது. வருமான வரி ஆண்டுக்கு 900 வெள்ளிக்குள் அடங்கும், மாதம் 75 எடுத்துவையுங்கள். ஊருக்கு 1,500, அறைக்கு 600, சாப்பாட்டுக்கு 500, பயணத்துக்கும் போனுக்கும் 100 போக, 1,000 வெள்ளி கையில் நிற்கும். குடும்பத்தை அழைத்துவர டிபெண்டன்ட் பாஸ் வேண்டும். அதற்குச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். ஆகவே இப்போதைக்கு உங்கள் ஒருவருக்கு இடம் போதும்.

அறை பார்க்கும்போது சமையலைப் பற்றித் தெளிவாகக் கேளுங்கள். 'லைட் குக்கிங்' என்றால் பல வீடுகளில் நூடுல்ஸும் முட்டையும்தான். ரசம் தாளித்தாலே முகம் சுளிப்பார்கள். சமைக்க முடியாத வீட்டில் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, வேளைக்கு ஐந்தாறு வெள்ளி. நான் போட்ட 500 வெள்ளி அதிலேயே கரைந்துவிடும். முழுச் சமையலுக்கு விடும் வீட்டுக்கு 50 வெள்ளி கூடக் கொடுத்தாலும் லாபம்தான். இந்தியர்களுக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்பவர்களும் உண்டு. மனசு வலிக்கும், அவர்களிடம் வாதாடி நேரத்தைக் கரைக்காமல் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

இதையெல்லாம் தஞ்சாவூரிலிருந்து முடிக்க முடியாது. எச்டிபியில் ஆறு மாதத்துக்குக் குறைந்த வாடகைக்கும், கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடியில் மூன்று மாதத்துக்குக் குறைந்த வாடகைக்கும் சட்டத்தில் இடமில்லை. எனவே முதல் பத்து நாளுக்கு லிட்டில் இந்தியா பக்கம் உரிமம் உள்ள ஹாஸ்டலில் இறங்குங்கள். 400 வெள்ளி ஒதுக்குங்கள். அறைக்கு ஒரு மாத முன்பணம் 600, முதல் மாத வாடகை 600. ஆறு மாத ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம்தான், உங்கள் பங்கு 15 வெள்ளியைத் தாண்டாது. முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, பயணம், மெத்தை விரிப்பு வகையறாவுக்கு 900. ஆகமொத்தம் ஏறக்குறைய 2,500. உங்கள் 2,800-க்குள் அடங்குகிறது. நகையை அடகு வைக்க வேண்டாம்.

ஏஜென்ட் வந்தால் அவருடைய பதிவு எண்ணை, வீட்டு ஏஜென்ட்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏவின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். எச்டிபி வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையில் வாங்கவே கூடாது. அது வீட்டுக்காரர் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ஒரே ஏஜென்ட் இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவதும் தடை. வீட்டுக்காரர் உங்கள் இருவர் பெயரையும் எச்டிபியில் பதிந்துவிட்டாரா என்று அதன் தளத்திலேயே சரிபார்க்கலாம். பாஸ் ரத்தானால் ஒரு மாத நோட்டீஸில் முன்பணத்தோடு வெளியேறலாம் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். புரொபேஷனில் இருக்கும் உங்களுக்கு வாடகையில் 50 வெள்ளி குறைவதைவிட அந்த வரி பெரிது.

சாவி வாங்கிய அன்றே மெத்தைக் கறை, சுவர்க் கீறல், ஏர்கான் ஒழுகல் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். போகும்போது முன்பணத்தில் கை வைத்தால் சிறு உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். அங்கே இந்தப் படங்கள்தான் உங்களுக்காகப் பேசும்.